கார்பைனுக்கு சப்ரெசர் வாங்கும்போது டப்பாவில் போட்டிருக்கும் டெசிபலைப் பார்க்காதீர்கள்

2026 ஜனவரி 1 முதல் அமெரிக்காவில் சப்ரெசருக்கு, அதாவது துப்பாக்கி வாயில் மாட்டிச் சத்தத்தைக் குறைக்கும் குழாய்க்கு, 200 டாலர் வரி கிடையாது. 1934-இல் வந்த தேசியத் துப்பாக்கிச் சட்டம் போட்ட வரி அது. தொண்ணூறு வருஷத்துக்கு மேல் ஒரு டாலர் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. வரிதான் போனது, படிவம் 4 என்ற விண்ணப்பம், கைரேகை, புகைப்படம், பின்னணிச் சோதனை எல்லாம் அப்படியேதான் இருக்கின்றன. ஆனாலும் வரி போனதும் டெக்சாஸ் பக்கம் இருக்கும் நம் ஆட்கள் பலர், "9 மில்லிமீட்டர் கார்பைனுக்கு எதை வாங்கலாம்?" என்று கேட்க ஆரம்பித்துவிட்டார்கள். கார்பைன் என்றால் குழல் குட்டையான ரைஃபிள். தனித்தனியாகப் பதில் சொல்வதைவிட இங்கேயே எழுதிவிடுகிறேன்.

அதற்கு முன்னால் ஒன்று. எச்-1பி போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருக்க மத்தியச் சட்டத்தில் பொதுவாக அனுமதி இல்லை. வேட்டை உரிமம் மாதிரி சில விலக்குகள் உண்டு; வக்கீலைக் கேட்காமல் அதை நம்பி இறங்காதீர்கள். கிரீன் கார்டு வந்துவிட்டால் இந்தத் தடை இல்லை. அப்புறம், கலிபோர்னியா, நியூயார்க், நியூ ஜெர்சி, இல்லினாய், மாசசூசெட்ஸ், ஹவாய், டெலவேர், ரோட் ஐலண்ட் ஆகிய எட்டு மாநிலங்களில் சாதாரண ஆட்கள் சப்ரெசர் வைத்திருக்கவே முடியாது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். கடைக்குப் போனால் முதலில் காட்டுவது டெசிபல் எண்ணைத்தான். அந்த அளவு வழக்கமாக எங்கே எடுக்கப்படுகிறது தெரியுமா? துப்பாக்கி வாய்க்கு இடதுபுறம் ஒரு மீட்டர் தள்ளி வைத்த மைக்கில். சுடுகிறவரின் காது அங்கே இல்லை. கைத்துப்பாக்கியிலாவது அந்த எண்ணை வைத்து ஓரளவு ஒப்பிடலாம். கார்பைனில் அது நம்மை ஏமாற்றிவிடும்.

காரணம் துப்பாக்கியின் உள்ளே இருக்கிறது. ரூகர் பிசி கார்பைன், சிஇசட் ஸ்கார்பியன், கெல்-டெக் சப்-2000 எல்லாமே நேரடி புளோபேக் வகை. தோட்டாவைப் பின்னாலிருந்து அடைத்துப் பிடிக்கும் போல்ட்டைப் பூட்டி வைக்க எதுவும் கிடையாது. அதன் எடையும் பின்னால் இருக்கும் ஸ்பிரிங்கும்தான் அதைப் பிடித்துக்கொண்டிருக்கின்றன. குழலில் அழுத்தம் முழுக்க அடங்கும் முன்பே போல்ட் திறக்கத் தொடங்கிவிடும். முன்னால் ஒரு சப்ரெசரை மாட்டினால் வாயு வெளியேற இன்னும் தாமதமாகிறது. வழி கிடைக்காத வாயு பின்னால் திரும்பி, காலித் தோட்டா வெளியே விழும் ஓட்டை வழியாக வருகிறது. சத்தமும் அதனுடன் சேர்ந்தே வருகிறது.

இதை எண்ணில் பார்க்க முடியாது, ரேஞ்சில்தான் பார்க்க வேண்டும். அடைப்பு அதிகமான சப்ரெசரை மாட்டி இரண்டு மேகசின் சுடுங்கள். கண் எரியும், தொண்டையில் கரிப்பு ஏறும். மூக்குக் கண்ணாடியின் ஓரத்தில் மெல்லிய கறுப்புப் படலம் படிந்திருக்கும். மேகசினைக் கழற்றினால் மேலே நிற்கும் தோட்டாக்களின் பித்தளை மங்கிப் புகை படிந்திருக்கும். அந்தப் புகையில் ஈயமும் இருக்கிறது. இடதுகைக்காரர்கள் பாடு இன்னும் மோசம், ஓட்டை இருக்கும் பக்கத்தில்தான் அவர்கள் முகமும் இருக்கும். வாய்ப்பக்கம் இரண்டு டெசிபல் குறைந்து என்ன பயன்?

இன்னொரு பக்கமும் உண்டு. 16 அங்குலக் குழலில் 9 மில்லிமீட்டர் தோட்டாவின் மருந்து எரிந்து முடிந்து, வாய்க்கு வரும்போது அழுத்தம் வெகுவாகக் குறைந்திருக்கும். நாலு அங்குலக் கைத்துப்பாக்கியை அடக்கவே ஒரு சப்ரெசர் அதிகம் பாடுபட வேண்டும். கார்பைனில் சுமாரான சப்ரெசர்கூட வாய்ப்பக்கத்தை நன்றாகவே அடக்கிவிடும். அதனால் கடைசி இரண்டு டெசிபலுக்காகக் காசைக் கொட்டாதீர்கள், வாயுவைத் தாராளமாக முன்னால் விடுவதைத் தேடுங்கள். புளோபேக் கார்பைனுக்கு .45 அங்குலத் தோட்டாவுக்கான துளை உள்ள சப்ரெசரையே நான் சொல்வேன். துளை பெரிது, பின்னழுத்தம் குறைவு. முன்பக்கம் கொஞ்சம் சத்தம் கூடலாம், காதுக்கும் முகத்துக்கும் நிம்மதி. ரக்டு ஆப்சிடியன் 45 நல்ல தேர்வு. முன்பகுதியைக் கழற்றிக் குட்டையாக்கவும் முடியும். எம்பி5 மாதிரி போல்ட் திறப்பதை உருளை வைத்துத் தாமதிக்கும் வகையோ, சிக் எம்பிஎக்ஸ் மாதிரி போல்ட் பூட்டும் வகையோ உங்களிடம் இருந்தால் இந்தத் தொல்லை குறைவு. அங்கே டெட் ஏர் வுல்ஃப்மேன் மாதிரி 9 மில்லிமீட்டருக்கென்றே செய்ததை யோசிக்கலாம்.

தோட்டா சரியில்லை என்றால் எந்த சப்ரெசரும் உதவாது. ஒலியின் வேகம் 20 டிகிரி செல்சியஸில் வினாடிக்கு ஏறக்குறைய 1,125 அடி. 115 கிரெய்ன் எடையுள்ள தோட்டா நீளமான குழலிலிருந்து அதைத் தாண்டித்தான் பறக்கும். ஒலியைத் தாண்டிப் பறக்கும் தோட்டா எழுப்பும் வெடிச்சத்தத்தை அடக்க வழியே இல்லை. 124 கிரெய்னும் கார்பைனில் பெரும்பாலும் தாண்டிவிடும். இவற்றைவிடக் கனமான, மெதுவாகப் போகும் 147 கிரெய்ன் எடுங்கள். அதிலும் வேகமாகப் போகும் சில தயாரிப்புகள் எல்லையை ஒட்டியே ஓடும். குளிரில் ஒலியின் வேகம் குறையும் என்பதால், கோடையில் அமைதியாக இருந்த அதே பெட்டித் தோட்டா ஜனவரிக் காலையில் சடார் என்று சத்தம் போடும்.

மாட்டுவதில் கவனம் வேண்டும். கைத்துப்பாக்கி சப்ரெசரோடு ஸ்பிரிங் வைத்த பிஸ்டன் வரும். அசையும் குழலுக்கு அது தேவை. கார்பைன் குழல் அசையாது, அதனால் ஸ்பிரிங்கை எடுத்துவிட்டு ஸ்பேசர் போட வேண்டும், அல்லது நிலையான மவுண்ட் வாங்க வேண்டும். அமெரிக்க 9 மில்லிமீட்டர் குழல்களில் பெரும்பாலும் அரை அங்குல விட்டத்தில், அங்குலத்துக்கு 28 மரை. ஐரோப்பியத் துப்பாக்கிகள் பலவற்றில் 13.5 மில்லிமீட்டர் இடது மரை. இங்கேதான் ஆபத்து: 5.56 மில்லிமீட்டர் ரைஃபிளுக்கும் இதே அரை அங்குல 28 மரைதான். அந்த சப்ரெசர் உங்கள் கார்பைனில் அழகாகத் திருகி உட்கார்ந்துவிடும். 9 மில்லிமீட்டர் தோட்டா அதற்குள் நுழைய இடமே இருக்காது. வீட்டில் இரண்டும் இருந்தால் சப்ரெசரின் மேலேயே பெரிய எழுத்தில் எழுதி, தனித்தனிப் பையில் வையுங்கள்.

காதுக் கவசத்தைக் கழற்றலாமா என்று கேட்பவர்களுக்கு: 9 மில்லிமீட்டர் சத்தம் சப்ரெசர் இல்லாமல் 160 டெசிபல் அளவில் இருக்கும், நல்ல சப்ரெசர் அதை 130 பக்கம் இறக்கும். 140-ஐத் தாண்டக்கூடாது என்பது வேலையிடங்களுக்கான வரம்பு. வரம்புக்குக் கீழே என்பதற்காக நூறு தோட்டா சுடும் நாளில் காதைத் திறந்து வைக்க நான் சம்மதிக்கமாட்டேன், பக்கத்து லேனில் வேறொருவர் சப்ரெசர் இல்லாமல் சுடுவார்.

முதல்முறை சுடும் முன் துப்பாக்கி காலிதானா என்று உறுதி செய்துகொண்டு, குழலுக்குள் நேர்க்கோல் விட்டு, அது சப்ரெசர் துளையின் நடுவில் நிற்கிறதா என்று பாருங்கள். கோல் விலை குறைவுதான். சுடச்சுட மரை தளரும். அதனால் ஒவ்வொரு மேகசினுக்கும் ஒருமுறை கையுறையோடு இறுக்கிப் பார்த்துவிட்டு அடுத்ததைப் போடுங்கள்.