36 பேரை வரிசையாக வீழ்த்தியவருக்குப் பட்டியலில் இடமில்லை

பைரேட்ஸ்: ரன் 0, ஹிட் 12, பிழை 1. பிரேவ்ஸ்: ரன் 1, ஹிட் 1, பிழை 0.

1959 மே 26 இரவு மில்வாக்கி நகரில், பிட்ஸ்பர்க் பைரேட்ஸும் மில்வாக்கி பிரேவ்ஸும் ஆடிய பேஸ்பால் ஆட்டத்தின் சுருக்கம் இவ்வளவுதான். பன்னிரண்டு ஹிட் அடித்த, அதாவது பந்தை அடித்துப் பன்னிரண்டு முறை பேஸை அடைந்த அணி தோற்றது. ஒரே ஒரு ஹிட் அடித்த அணி வென்றது. தோல்வி எழுதப்பட்ட பைரேட்ஸ் பிட்சரின், அதாவது பந்து வீசியவரின், பெயர் ஹார்வி ஹாடிக்ஸ். அவருக்குப் பதிவேட்டில் அநீதி நடந்திருக்கிறது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

பேஸ்பாலில் ஓர் இன்னிங்ஸுக்கு மூன்று அவுட், ஒன்பது இன்னிங்ஸுக்கு 27 அவுட். எதிரணியில் ஒருவரைக்கூட முதல் பேஸில் நிற்க விடாமல் அந்த 27 அவுட்டையும் எடுத்து முடிப்பதைப் பெர்ஃபெக்ட் கேம் என்கிறார்கள். சளியும் இருமலுமாகக் களமிறங்கிய ஹாடிக்ஸ், அதற்கு முந்தைய இரண்டு ஆண்டுகளும் நேஷனல் லீக் பட்டம் வென்றிருந்த அணியை, ஹாங்க் ஆரனும் எடி மேத்யூஸும் ஆடிய அணியை, பன்னிரண்டு இன்னிங்ஸ் முழுக்க அப்படியே கட்டிப் போட்டார். வரிசையாக 36 பேர் வந்தார்கள், 36 பேரும் வெறுங்கையோடு திரும்பினார்கள். இன்றுவரை, பேஸ்பாலின் உச்ச நிலைப் போட்டியான மேஜர் லீக்கில் வேறு எந்தப் பிட்சரும் ஒரே ஆட்டத்தில் இதைச் செய்ததில்லை. ஆனால் அவருடைய அணியால் ஒரு ரன்கூட எடுக்க முடியவில்லை, அதனால் ஆட்டம் ஒன்பது இன்னிங்ஸைத் தாண்டி நீண்டது. மூன்றாவது இன்னிங்ஸில் மூன்று ஹிட் விழுந்தும் ரன் வரவில்லை. பிரேவ்ஸின் லூ பர்டெட் 13 இன்னிங்ஸும் தாமே வீசி, 12 ஹிட் கொடுத்தும், யாரையும் ஹோம் பேஸுக்கு வந்து ரன் எடுக்க விடவில்லை.

பதின்மூன்றாவது இன்னிங்ஸில்தான் எல்லாம் குலைந்தது. பைரேட்ஸுக்காக மூன்றாவது பேஸைக் காத்த டான் ஹோக்கின் எறிதல் தவறிப்போக, பிரேவ்ஸின் ஃபெலிக்ஸ் மான்டியா முதல் பேஸை அடைந்தார். மேத்யூஸ் பந்தை மெல்லத் தட்டிவிட்டு (பண்ட்) தாம் அவுட்டாகி, அவரை இரண்டாவது பேஸுக்கு நகர்த்தினார். ஆரனுக்கு வேண்டுமென்றே வாக் கொடுத்தார்கள், அதாவது அடிக்க முடியாதபடி வீசி முதல் பேஸுக்குப் போக விட்டார்கள். அடுத்து வந்த ஜோ அட்காக் பந்தை வேலிக்கு அப்பால் அடித்தார். அது வெளியே போனதைக் கவனிக்காத ஆரன், மான்டியா ரன் எடுத்ததோடு ஆட்டம் முடிந்ததென்று எண்ணி ஓடுபாதையை விட்டு விலகிவிட, பின்னால் ஓடிவந்த அட்காக் அவரைத் தாண்டிவிட்டார். முன்னால் ஓடுபவரைத் தாண்டினால் அவுட். லீக் தலைவர் வாரன் ஜைல்ஸ் மறுநாள் ஆராய்ந்து, ஹோம் ரன்னை இரண்டாவது பேஸ் வரைக்குமான ஹிட் ஆக்கி, மான்டியாவின் ரன்னை மட்டும் ஏற்று, ஸ்கோரை 1-0 என்று முடிவு செய்தார்.

ஸ்கோர்கார்டில் ஹாடிக்ஸின் வரியைப் பாருங்கள்: 12⅔ இன்னிங்ஸ், 1 ஹிட், 1 ரன், 1 வாக், 8 ஸ்ட்ரைக் அவுட். அந்த ⅔ பின்னத்தில் இருக்கும் இரண்டு அவுட்டில் ஒன்று மேத்யூஸுடையது. இன்னொன்று, பந்தை மைதானத்துக்கு வெளியே அடித்த அட்காக்குடையது. பிழையால் வந்த ரன் என்பதால், பிட்சரின் குறையாக எண்ணப்படும் ரன்களின் கணக்கில் அது ஏறவுமில்லை. தோல்வி மட்டும் ஏறியது. அந்த ஸ்கோர்கார்டில் ஓர் எண்ணைக்கூட நான் குறை சொல்ல மாட்டேன், ஏனென்றால் நடந்தது நடந்தபடியே அதில் இருக்கிறது.

என் மனத்தாங்கல் 1991 செப்டம்பரில் நடந்ததைப் பற்றியது. மேஜர் லீக் ஆணையர் ஃபே வின்சென்ட் தலைமையில் கூடிய புள்ளிவிவரக் குழு, ஒன்பது அல்லது அதற்கு மேற்பட்ட இன்னிங்ஸ் ஆடி, ஆட்டம் முடியும்வரை ஹிட் கொடுக்காமல் இருந்தால்தான் நோ-ஹிட்டர் என்று வரையறுத்தது. அதோடு ஹாடிக்ஸின் பெயர் நோ-ஹிட்டர் பட்டியலிலிருந்து போயிற்று. ரோஜர் மாரிஸ் 1961-இல் ஒரே சீசனில் அடித்த 61 ஹோம் ரன்களை, ஆட்டங்களின் எண்ணிக்கை கூடிவிட்டது என்பதற்காகப் பேப் ரூத்தின் 60-இலிருந்து பிரித்துக் காட்டும் வழக்கத்தைக் கைவிட்டதும் இதே குழுதான். மாரிஸுக்கு நியாயம் செய்தவர்கள், கூடுதலாக மூன்று இன்னிங்ஸ் வீசியவரிடம் மட்டும் அதையே குறையாக்கினார்கள்.

எல்லோருக்கும் ஒரே வரையறை வேண்டாமா என்று கேட்பார்கள். வேண்டும்தான். ஆனால் இந்த வரையறை அளப்பது பிட்சரின் திறமையை மட்டுமல்ல. அவருடைய அணி உரிய நேரத்தில் ஒரு ரன் எடுத்ததா என்பதையும் சேர்த்தே அளக்கிறது. 1995 ஜூன் 3 அன்று மான்ட்ரியால் எக்ஸ்போஸின் பெட்ரோ மார்டினெஸ் ஒன்பது இன்னிங்ஸில் 27 பேரையும் வீழ்த்தினார். தம் அணி அதுவரை ரன் எடுக்காததால் பத்தாவதில் மீண்டும் வீச வேண்டி வந்து, பிப் ராபர்ட்ஸிடம் ஒரு ஹிட் வாங்கினார். அணி 1-0 என்று வென்றும் அவர் பெயரும் பட்டியலில் ஏறவில்லை.

பட்டியலைத் திருத்த மனமில்லையென்றால், முதல் ஒன்பது இன்னிங்ஸைக் குறையின்றி முடித்துக் கூடுதல் இன்னிங்ஸில் இழந்தவர்களுக்கென்று அதிகாரப்பூர்வமாகத் தனிப் பிரிவு ஒன்றைத் தொடங்கட்டும். அதன் முதல் வரியில் ஹாடிக்ஸ், 1959, 36 அவுட் என்று எழுதட்டும்.