பொசஸ்ட் எங்கே?

ஹெவி மெட்டலின் கடுமையான வகையான டெத் மெட்டலில் அதிகம் செல்வாக்கு செலுத்திய இசைக்குழுக்கள் என்ற பட்டியலில் டெத் குழுவுக்கு முதலிடம் தந்திருக்கிறீர்கள். சரி, அதன் தலைவர் சக் ஷுல்டினர் மீது எனக்கும் பெரிய மரியாதை உண்டு. ஆனால் பொசஸ்ட் குழுவை ஒரே வரியில் கடந்து போனதுதான் உறுத்துகிறது. அவர்களின் முதல் ஆல்பம் 'செவன் சர்ச்சஸ்' வந்தது 1985இல். டெத் குழுவின் முதல் ஆல்பம் 1987இல்தான் வந்தது. பொசஸ்டின் அந்த ஆல்பத்தில் கடைசிப் பாட்டின் பெயரே 'டெத் மெட்டல்'. அதைப் பதிவு செய்தபோது அவர்கள் பள்ளிக்கூடப் பையன்கள்! த்ராஷ் (அதற்கு முந்தைய வேகமான மெட்டல் வகை) வாடை நிறைய அடிக்கிறது என்பது உண்மைதான், ஆனாலும் பாடகர் ஜெஃப் பெசெராவின் அந்த உறுமல் முழுக்க வேறு ஜாதி.

அப்புறம் ஆட்டாப்ஸி. டெத்தின் முதல் ஆல்பத்தில் டிரம்ஸ் வாசித்த கிறிஸ் ரைஃபர்ட் பிரிந்து வந்து தொடங்கிய குழு அது. எல்லோரும் வேகம் வேகம் என்று ஓடியபோது, நடுவில் திடீரென்று வேகத்தைக் குறைத்துச் சேற்றில் இழுப்பதுபோல் வாசித்தார்கள். இன்றைக்கு டெத் டூம் (மெதுவாக இழுக்கும் டெத் மெட்டல்) வாசிப்பவர்கள் பலர் அங்கிருந்து எடுத்ததுதான்.

ஸ்வீடனைப் பற்றி எழுதியது அருமை. என்டூம்ட் குழுவின் 1990 ஆல்பத்தில் கேட்கும் அந்த ரம்பச் சத்தம், பாஸ் (Boss) நிறுவனத்தின் எச்எம்-2 என்ற, கிட்டார் ஒலியைக் கரகரப்பாக்கும் பெடலில் எல்லாக் குமிழ்களையும் கடைசி வரை திருகிவிட்டதால் வந்தது என்பதையும் சேர்த்திருக்கலாம். ஒரு பெடல் ஒரு நாட்டின் இசைக்கே அடையாளமாகிவிட்டதே!

மார்பிட் ஏஞ்சல் பற்றிச் சண்டை இல்லை. அந்தக் குழுவில் டிரம்ஸ் வாசித்த பீட் சாண்டோவலின் கால் வேகத்துக்கு இன்றும் என் தலை சுற்றுகிறது.