கோயிலை இடிக்க இவ்வளவு அவசரம் எதற்கு?

எங்கள் பங்குக் கோயிலை இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டலாம் என்ற பேச்சு மறுபடியும் கிளம்பியிருக்கிறது. ஞாயிறு பூசை முடிந்து வாசலில் நின்றபடியே பாதி முடிவு எடுத்துவிட்டார்கள். சுவரில் ஓதம் ஏறிவிட்டதாம், தளம் ஒழுகுகிறதாம், திருவிழாவுக்கு இடம் போதவில்லையாம். மூன்றாவதை ஒப்புக்கொள்கிறேன். முதல் இரண்டும் கோயிலின் குற்றமல்ல, அதற்குப் பார்த்த வைத்தியத்தின் குற்றம்.

அது செங்கல்லும் சுண்ணாம்பும் சேர்ந்த சுவர். சுற்றிலும் நஞ்சை. மேட்டூர் திறந்து வாய்க்காலில் தண்ணீர் வந்துவிட்டால் தை அறுப்பு வரை சுவரின் அடிப்பாகம் ஈரத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். சுண்ணாம்புப் பூச்சு அந்த ஈரத்தை வெளியே விட்டுவிடும். அவ்வப்போது உதிரும், மறுபடி பூசுவார்கள். உதிர்வது அசிங்கமாக இருக்கிறதென்று இடுப்பளவுக்குச் சிமெண்ட் பூசினார்கள். வெளியேற வழியில்லாத ஈரம் மேலே ஏறிவிட்டது. அந்தோணியார் சுரூபத்துக்குக் கீழே போய்ப் பாருங்கள். சிமெண்ட் முடிகிற இடத்துக்கு ஒரு சாண் மேலே உப்புப் பூத்து நிற்கிறது. விரலால் தேய்த்தால் செங்கல் மாவாகக் கொட்டுகிறது. சிமெண்டைத் தட்டினால் உள்ளே பொள்ளல் சத்தம்.

தளமோ மெட்ராஸ் ஒட்டு. தேக்கு உத்திரங்களின் மேல் சின்னச் செங்கல்லைக் குத்தாக, சாய்வாட்டத்தில் அடுக்கி, அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கொட்டி, கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரைத் தெளித்துத் தெளித்து மரக்கட்டையால் நாள்கணக்கில் அடித்து இறுக்கிய வேலை. மேலே தட்டோடு என்கிற தட்டையான ஓடு. ஒழுகுவது அரசங்கன்று வேர்விட்ட மூலையில் மட்டும்தான். கன்றை வேரோடு எடுத்து, தட்டோட்டு இடுக்குகளைச் சுண்ணாம்பால் அடைத்தால் தீர்கிற காரியத்துக்குக் கோயிலையே இடிப்பார்களா?

வயதாகிவிட்டது என்கிறவர்கள் ஒருமுறை தரங்கம்பாடிக்குப் போய்வரலாம். லுத்தரன் மிஷனரி சீகன்பால்க் கட்டிய புதிய எருசலேம் ஆலயம் 1718ஆம் ஆண்டைச் சேர்ந்தது. அடுத்த ஆண்டே இறந்துபோன அவரை அதற்குள்ளேயே அடக்கம் செய்தார்கள். கடலின் உப்புக்காற்றைத் தாங்கிக்கொண்டு இன்றும் அங்கே ஆராதனை நடக்கிறது. நம் கோயிலுக்கு அந்தக் காற்றும் இல்லை, அத்தனை வயதும் இல்லை.

நம் வரலாறும் இந்தக் கோயிலுக்குள்தான் இருக்கிறது. பக்கத்து ஊர் ஏன் கும்பகோணம் மறைமாவட்டம், நாம் ஏன் தஞ்சாவூர் என்று பிள்ளைகள் கேட்கிறார்கள். ஒரு காலத்தில் டெல்டாவில் சில ஊர்கள் போர்ச்சுகீசியரின் மயிலாப்பூருக்கும் சில ஊர்கள் பிரெஞ்சுக்காரர்களின் புதுச்சேரிக்கும் கட்டுப்பட்டவை. புதுச்சேரியிலிருந்து 1899இல் கும்பகோணமும், மயிலாப்பூரிலிருந்து 1952இல் தஞ்சாவூரும் பிரிந்தன. சாமியார் உடுப்பு மாற்றும் அறையில் இருக்கிற லத்தீன் ஞானஸ்நான ஏடுகளைப் புரட்டினால் இந்த வரலாறு நம் பாட்டன்மார் பெயர்களோடு வரும். முதலில் அந்த அலமாரியைச் சுவரிலிருந்து தள்ளி வையுங்கள். பின்பக்கம் கரையான் ஏறியிருக்கிறது.

இன்னொரு வாதமும் காதில் விழுந்தது. தலித் மக்களைத் தனியே உட்கார வைத்த வடக்குச் சிறகு ஓர் அவமானச் சின்னம், கோயிலோடு சேர்ந்து அதுவும் போகட்டும் என்கிறார்கள். அவமானம்தான், மறுக்கவில்லை. ஆனால் இதைச் சொல்கிறவர்கள் கல்லறைத் தோட்டத்தின் குறுக்கே சாதி பிரித்து இன்றும் நிற்கிற சுவரைப் பற்றி வாயே திறப்பதில்லை. கை அவ்வளவு துறுதுறுக்கிறதென்றால் கடப்பாரையை முதலில் அங்கே கொண்டு போகட்டும். நானும் கூட வருகிறேன்.

இடப் பிரச்சினைக்கு வருவோம். தேர்பவனி நாள், கிறிஸ்துமஸ், பெரிய வெள்ளி, ஈஸ்டர் ஆகிய நாள்களில்தான் நெரிசல். மற்ற ஞாயிறுகளில் பின்வரிசை காலி. தெற்குப் பக்கத்துத் திடலில் ஒரு நிரந்தரக் கொட்டகை போட்டால் போதும். புதுக் கோயிலுக்கு ஆகிற செலவில் அது ஒரு மூலைக்குக் காணாது.

கொடியேற்றத்துக்கு முன் பங்குப் பேரவை கூடுகிறது. வெளியூரில் இருக்கும் நம்மவர்கள் அதற்குள் பங்குத்தந்தைக்கு எழுதுங்கள். சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனார் யாரையாவது தெரிந்தால் கீழே சொல்லுங்கள். சிமெண்டைக் கொத்தி எடுக்க எவ்வளவு ஆகும் என்ற கணக்கோடுதான் நான் கூட்டத்துக்குப் போகப் போகிறேன்.