சுரத்தை மாற்றினால் மெட்டு மறைந்துவிடுமா?

பிடித்த ரிஃப் ஒன்றை, அதாவது ஒரு பாட்டில் திரும்பத் திரும்ப வரும் சிறு இசைத் துணுக்கை எடுத்துக்கொண்டு, அதில் இரண்டு சுரங்களை மாற்றி, சுருதியை ஒரு கட்டை ஏற்றிவிட்டால் யாருக்கும் தெரியாது என்ற அறிவுரை, சொந்தமாகப் பாட்டுக் கட்டத் தொடங்கும் எல்லோருக்கும் ஒருமுறையாவது கிடைத்திருக்கும். எடுப்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. யாரிடமிருந்தும் எதையும் எடுக்காமல் பாட்டு எழுதியவர் ஒருவராவது இருப்பார் என்று நான் நம்பவில்லை. ஆனால் மறைக்கும் வழி என்று இதில் சொல்லப்படுவது எதையும் மறைப்பதில்லை. சுருதியை எவ்வளவு ஏற்றினாலும் இறக்கினாலும் மெட்டு அதே மெட்டாகத்தான் கேட்கும். அப்படி இல்லையென்றால், ஆண் பாடிய பாட்டைப் பெண் பாடும்போது நமக்கு அடையாளமே தெரியாமல் போயிருக்கும். சுரங்கள் ஏறி இறங்கும் போக்கும் அவை தாளத்தில் விழும் இடங்களும் அப்படியே இருக்கும்வரை, நடுவில் ஒன்றிரண்டை மாற்றுவது, அந்தப் பாட்டைச் சரியாக வாசிக்கத் தெரியாத ஒருவர் வாசித்தது போன்ற எண்ணத்தை மட்டுமே தரும்.

1990-இல் வெளிவந்த, அமெரிக்க ராப் பாடகர் வனிலா ஐஸின் ‘ஐஸ் ஐஸ் பேபி’ இதற்குப் பிரபலமான உதாரணம். குவீன் குழுவும் டேவிட் போவியும் சேர்ந்து 1981-இல் வெளியிட்ட ‘அண்டர் பிரஷர்’ பாடலின் பேஸ் (தாழ்சுருதி கிட்டார்) வரிதான் அதற்கு முதுகெலும்பு. ஒரு பேட்டியில் வனிலா ஐஸ் இரண்டையும் வாயாலேயே பாடிக் காட்டி, தன்னுடையதில் கூடுதலாகச் சிறு தட்டு ஒன்று வருகிறது, ஆகவே இரண்டும் வேறு என்று வாதிட்டார். கேட்டவர்கள் சிரித்தார்கள். முடிவில் மூலப்பாட்டை எழுதியவர்களின் பெயர்களும் பாட்டில் சேர்க்கப்பட்டன.

உண்மையில் ஒரு ரிஃபின் முகத்தை மாற்றுவது, அதன் அடியில் ஒலிப்பது எது என்பதுதான். நம் இசையில் கிரக பேதம், அதாவது ஒரு ராகத்தின் வேறொரு சுரத்தை ஆதாரமாகக் கொண்டு புது ராகம் பெறுவது, அறிந்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். மோகன ராகத்தின் ஐந்து சுரங்களில் எதையும் தொடாமல், அதன் ரிஷபத்தை ஆதார ஷட்ஜமாகக் கொண்டால் மத்தியமாவதி வருகிறது. காந்தாரத்தைக் கொண்டால் இந்தோளம். தைவதத்தைக் கொண்டால் சுத்த தன்யாசி. ஒலிக்கும் சுரங்கள் அவையேதான் என்றாலும், காது அவற்றை வேறு வீட்டில் வைத்துக் கேட்கிறது.

ஆஸ்திரேலியாவின் மென் அட் வர்க் குழு 1981-இல் வெளியிட்ட ‘டவுன் அண்டர்’ பாடலில் நடந்ததும் இதற்கு உறவானதுதான். அதன் புல்லாங்குழல் ரிஃபில், மரியன் சின்க்ளேர் என்ற ஆசிரியை 1930-களில் எழுதிய ‘கூக்கபாரா’ என்ற சிறுவர் பாட்டின் பகுதி அப்படியே இருக்கிறது. அந்த நாட்டில் பள்ளிக்குப் போன ஏறக்குறைய எல்லோரும் பாடியிருக்கக்கூடிய பாட்டு அது. இருந்தும், மேஜரில் (பிரகாசமாக ஒலிக்கும் சுர அமைப்பில்) இருந்த அந்தத் துண்டு, சற்றே சோகமாக ஒலிக்கும் மைனர் கார்டுகளின் (சேர்ந்து ஒலிக்கும் சுரக் கூட்டங்களின்) மேல் வந்து அமர்ந்ததும், உலகமெங்கும் ஒலித்த ஒரு பாட்டுக்குள் கால் நூற்றாண்டுக்கும் மேலாகப் பலர் அதைக் கவனிக்காமலே இருந்துவிட்டார்கள். 2007-இல் ஒரு தொலைக்காட்சி வினாடி வினா அதைச் சுட்டிக்காட்டிய பிறகே வழக்கு வந்தது. உரிமை வைத்திருந்த நிறுவனம் வருவாயில் 40 முதல் 60 சதவீதம் வரை கேட்டது. 2010-இல் நீதிமன்றம் 2002 முதல் கணக்கிட்டு 5 சதவீதம் தரச் சொன்னது. காதுக்குத் தெரியாமல் இருந்தது என்பது கடனைத் தீர்க்கவில்லை. ஆனாலும் அந்த 5 சதவீதம் நியாயமான எண்ணாகவே எனக்குப் படுகிறது, ஏனென்றால் புல்லாங்குழலை எடுத்துவிட்டாலும் அந்தப் பாட்டு நிற்கும்.

தாளத்தில் இடத்தை நகர்த்துவது இன்னொரு வழி. இப்போது நான் எழுதிவரும் பாட்டில், நன்றாக அறியப்பட்ட ஒரு பேஸ் ரிஃபை அரைத் தட்டு தள்ளித் தொடங்கவைத்திருக்கிறேன். மூலத்தில் அழுத்தமாக விழுந்த சுரங்கள் எல்லாம் இதில் இடைவெளியில் விழுகின்றன. டிரம்ஸ் ஓடிக்கொண்டிருக்கும்வரை, மூலத்தை மனப்பாடமாக வாசிக்கக்கூடிய என் நண்பருக்கே அது பிடிபடவில்லை. நடுவில் டிரம்ஸ் நின்று பேஸ் மட்டும் ஒலிக்கும் நான்கு பார்களில் (தாளச் சுற்றுகளில்), ரிஃப் இரண்டாவது முறை வந்து முடிவதற்குள் சிரித்துக்கொண்டே பாட்டின் பெயரைச் சொல்லிவிட்டார். பிடித்துக்கொள்ளத் தாளம் இல்லாதபோது, காது அந்த ரிஃபைத் தனக்குப் பழகிய இடத்திலேயே கொண்டுபோய் வைத்துவிடுகிறது. ஆகவே இப்படி மறைக்கிறவர்கள் பாட்டின் அமைதியான பகுதிகளில்தான் கவனமாக இருக்க வேண்டும்.

தெரிந்தே எடுப்பவர் நிலைமை, தெரியாமல் எடுப்பவருடையதைவிட மேலானது என்றும் எனக்குத் தோன்றுகிறது. பீட்டில்ஸ் குழுவைச் சேர்ந்த ஜார்ஜ் ஹாரிசனின் ‘மை ஸ்வீட் லார்ட்’ வழக்கில், அவர் வேண்டுமென்றே ‘ஹீஸ் ஸோ ஃபைன்’ என்ற பழைய பாட்டை நகலெடுக்கவில்லை என்று நம்பிய நீதிபதி, ஆழ்மனதில் கிடந்தது வெளிவந்திருக்கிறது என்று சொல்லி 1976-இல் அவருக்கு எதிராகவே தீர்ப்பளித்தார். எங்கிருந்து எடுத்தோம் என்று அறிந்தவருக்கு எதை மாற்ற வேண்டும் என்றாவது தெரியும். ஹாரிசனுக்கு அந்த வாய்ப்புக்கூட இல்லை. எல்லோருக்கும் பொதுவான கார்டு வரிசைகளுக்காகவும் வழக்குப் போடுகிறார்கள் என்பது வேறு விஷயம். 2023-இல் ஆங்கிலப் பாடகர் எட் ஷீரன் அப்படிப்பட்ட ஒரு வழக்கில் வென்றது நல்லதுக்குத்தான்.

இதில் நான் வைத்திருக்கும் அளவுகோல் ஒன்றே. கடன் வாங்கிய ரிஃப் இருக்கும் டிராக்கை மியூட் செய்துவிட்டு, மிச்சத்தைக் கேட்கிறேன். பாட்டு நின்றால், அது என் பாட்டு. ரிஃபை எவ்வளவு தூரம் உருமாற்றலாம் என்று நிதானமாகப் பார்க்கலாம். சரிந்துவிட்டால், எத்தனை வேடம் போட்டாலும் அது இன்னொருவருடைய பாட்டு. ஒன்று அனுமதி கேட்டு அவர் பெயரைச் சேர்க்க வேண்டும், அல்லது அந்த இடத்தைப் புதிதாக எழுத வேண்டும். மேலே சொன்ன பாட்டை இப்படிக் கேட்டபோது பல்லவியும் சரணமும் நின்றன, தொடக்க இசை நிற்கவில்லை. அதை முழுவதும் எடுத்துவிட்டு, வேறு ஒன்றை எழுதிக்கொண்டிருக்கிறேன்.