14 ஃபிரேம்

நேற்று ராத்திரி பழைய ரோட் ரன்னர் கார்ட்டூன் ஒன்றில் ஒரே காட்சியை ஏழெட்டுத் தடவை ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். "பிள்ளைங்கதான் தூங்கிட்டாங்களே, யாருக்காக இது ஓடுது?" என்று மனைவி கேட்டாள். எனக்காகத்தான் என்று சொல்லக் கொஞ்சம் வெட்கமாக இருந்தது.

காட்சி உங்களுக்கும் தெரிந்ததுதான். ரோட் ரன்னர் பறவையைத் துரத்திக்கொண்டு வரும் கயோட்டி, அதாவது அந்த ஓநாய் மாதிரி விலங்கு, மலை விளிம்பைத் தாண்டி அந்தரத்தில் நிற்கும். கீழே பார்க்கும். அப்புறம் நம்மைப் பார்க்கும். விழும். புள்ளியாகிக் காணாமல் போகும். ஒரு சின்ன அமைதி. அதற்குப் பிறகுதான் அடியில் 'பொஃப்' என்று புழுதி.

அந்தச் சின்ன அமைதிக்குக் கணக்கு உண்டு. இயக்குநர் சக் ஜோன்ஸ் எழுதியே வைத்திருக்கிறார்: விழுந்து மறைய 18 ஃபிரேம் (ஃபிரேம் என்றால் படச்சுருளில் ஒரு தனிப் படம்), பிறகு தரையில் மோத 14 ஃபிரேம். 13 என்றாலும் சிரிப்பு வராது, 15 என்றாலும் வராதாம். நொடிக்கு 24 ஃபிரேம் ஓடும் சினிமாவில், ஒரே ஒரு ஃபிரேமுக்காக ஒரு மனிதர் இப்படி மல்லுக்கட்டியிருக்கிறார். நாம் "சின்னப் பசங்க சமாச்சாரம்" என்று சேனலை மாற்றிவிட்டுப் போகிறோம்.

ஓவியம், நிறம் எல்லாம் சரி. என்னைக் கட்டிப்போடுவது இந்த நேரக் கணக்குதான்.

டாம் அண்ட் ஜெர்ரியில் ஆஸ்கர் வாங்கிய 'தி கேட் கான்செர்ட்டோ'வை எடுத்துக்கொள்ளுங்கள். டாம் கச்சேரி மேடையில் இசையமைப்பாளர் ஃபிரான்ஸ் லிஸ்ட்டின் 'இரண்டாம் ஹங்கேரிய ரேப்சடி' என்ற பியானோ இசையை வாசிக்கிறது. பியானோவுக்குள் ஜெர்ரி தூங்குகிறது. வசனம் கிடையாது. ஒவ்வொரு குத்தும் கிள்ளலும் இசையின் தாளத்துக்குள் போய் உட்கார வேண்டும். அத்தனை அடி வாங்கியும் டாம் அந்த வித்வான் முகத்தை விடுவதில்லை பாருங்கள், அதற்கே இன்னொரு விருது கொடுக்கலாம்.

இன்னும் பின்னால் போனால் 1926இல் ஜெர்மனியில் லோட்டே ரைனிகர் எடுத்த 'இளவரசர் அக்மது' அனிமேஷன் படம். கறுப்பு அட்டையில் வெட்டிய நிழலுருவங்கள். முகபாவம் எதுவும் தெரியாது. கை எவ்வளவு மெதுவாக உயர்கிறது, தலை எப்போது திரும்புகிறது என்பதை வைத்தே வெட்கமா பயமா என்று நமக்குப் புரிந்துவிடும்.

டிவி வந்ததும் காசும் அவகாசமும் சுருங்கின. டாம் அண்ட் ஜெர்ரியைப் படைத்த அதே ஹானாவும் பார்பெராவும்தான் டிவி கார்ட்டூனில் வந்த யோகி கரடிக்குக் காலர் மாட்டினார்கள். அது அலங்காரம் இல்லை. கழுத்தில் ஒரு கோடு விழுந்தால் உடம்பை அப்படியே நிறுத்திவைத்துத் தலையை மட்டும் திரும்ப வரைந்தால் போதும். கெட்டிக்கார யோசனை, குறை சொல்ல மாட்டேன். ஆனால் உடம்பு செய்துகொண்டிருந்த நகைச்சுவையை அதன் பிறகு வாய்தான் பேசிச் சமாளிக்க வேண்டியிருந்தது.

பழையதெல்லாம் தங்கம் என்று சொல்ல வரவில்லை. கறுப்பின மக்களைக் கேலிப்பொருளாக வரைந்த படங்களும் அந்தக் காலத்தில் நிறைய. அவற்றைப் பார்த்தால் இன்று கூசுகிறது.

சரி, நேற்றுக்கு வருகிறேன். மனைவி நின்றபடியே ஒரு தடவை பார்த்தாள். கயோட்டி விழுந்து புள்ளியாகி மறைந்தது. புழுதி எழுவதற்குள் அவள் சிரித்துவிட்டாள்.