மவுசர் 98: சுத்தியலுக்கு முன் சூடு

மவுசர் 98 ரகத் துப்பாக்கிகளின் ரியர் சைட் (குறிபார்க்க உதவும் பின் அமைப்பு) அடிப்பாகம் வெறும் இறுக்கத்தில் நிற்பதாகவும், சுத்தியலால் தட்டினாலே கழன்றுவிடும் என்றும் சொல்லப்படுவது சரியன்று. அது குழலைச் சுற்றிய வளையமாக ஈயப்பற்றால் பிடிக்கப்பட்டிருக்கிறது. பலவற்றில் சைட்டின் இலைக்கு (ஏற்றி இறக்கும் தகட்டுக்கு) அடியில் ஒரு சிறு திருகும் மறைந்திருப்பதால், அதை எடுக்காமல் அடித்தால் கெடுவது சைட்தான். ஈயமும் வெள்ளீயமும் கலந்த அந்தப் பற்று, சூடாக்கினால் 183 டிகிரி செல்சியஸிலேயே இளகத் தொடங்கிவிடும். எஃகு நீலம் பாரிக்கும் ஏறத்தாழ 300 டிகிரி வரை போகத் தேவையே இல்லை. குழல் முனையை நோக்கிப் படிப்படியாக மெலிவதால், முதலில் முனையிலுள்ள பிரண்ட் சைட்டைக் கழற்றிவிட்டு, பற்று இளகியதும் பித்தளைத் துண்டை வைத்து முன்பக்கமாக மட்டுமே மெல்லத் தட்ட வேண்டும். மீண்டும் பொருத்துகையில் சைட் சாயாதிருக்க, கழற்றுமுன்பே நடுக்கோட்டைக் குறித்துக்கொள்வது அவசியம். பாகங்களின் வரிசை எண்கள் ஒன்றோடொன்று பொருந்திய பழந்துப்பாக்கியாக இருந்தால், நான் அடிப்பாகத்தைத் தொடவே மாட்டேன்.