பெல்விடியருக்கு வண்டி திரும்புகிறது, சரி. ஆள்?

அமெரிக்காவின் பெல்விடியர் கார் தொழிற்சாலை மீண்டும் திறக்கப்போகிறது என்ற செய்தியைப் பகிர்ந்து, "டிரம்ப் வரி போட்டார், வேலை வந்தது, இன்னும் என்ன வேண்டும்?" என்று எழுதி, கூடவே வேலையை இழந்த கனடாவின் பிராம்ப்டன் ஆலைத் தொழிலாளர்களுக்கு அனுதாபம் தெரிவித்து ஒரு சிரிப்புப் பொம்மையும் வைத்த அந்தப் பதிவை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். எழுதியவர் பெயரைச் சொல்லப்போவதில்லை. என் வீட்டில் கை நனைத்தவர். அதன் கீழ் நான் இட்ட நான்கு வரிப் பின்னூட்டத்துக்கு வந்த பதில்களைத்தான் இரண்டு நாளாகச் செரிக்க முடியவில்லை. "ஏசி அறையில் உட்கார்ந்து கணினியைத் தட்டுகிறவருக்குத் தொழிலாளியின் கஷ்டம் என்ன தெரியும்?" என்பது அவற்றுள் மரியாதையான ஒன்று.

நான் சொன்னது இவ்வளவுதான்: இறக்குமதி வரி, ஒரு வண்டியை எந்த ஊரில் பூட்டுவது என்பதை மாற்றலாம், வேலையை இழந்தவனிடம் அந்த வேலையைத் திருப்பிக் கொடுக்காது. இல்லினாய் மாநிலத்துப் பெல்விடியர் ஆலையில் 2023 பிப்ரவரி 28 அன்று உற்பத்தியை நிறுத்தினார்கள். ஏறத்தாழ 1,350 பேர் வீட்டுக்குப் போனார்கள். அங்கே உருவான ஜீப் செரோக்கியின் அடுத்த தலைமுறை மெக்சிகோவின் டொலூக்காவுக்குப் போயிற்று. இப்போது ஜீப்பைத் தயாரிக்கும் ஸ்டெல்லான்டிஸ் நிறுவனம், நான்கு ஆண்டுகளில் 1,300 கோடி டாலர் முதலீடு என்று அறிவித்து, அதில் 60 கோடிக்கும் மேல் பெல்விடியருக்கு ஒதுக்கி, 3,300 வேலைகள் வரும் என்கிறது. மகிழ்ச்சி. உற்பத்தி தொடங்குவது எப்போது? 2027. கதவைச் சாத்தியதற்கும் திறப்பதற்கும் நடுவே நான்கு ஆண்டுகள். வீட்டுக் கடனும் பிள்ளையின் கல்லூரிக் கட்டணமும் அதுவரை வாசலில் காத்துக்கொண்டு நிற்குமா?

ஏசி அறை என்றவர்களுக்காக ஒன்றைச் சொல்கிறேன். அந்த ஆலைக்கு இருக்கைகள் செய்து அனுப்பிய ஒரு சப்ளையர் தொழிற்சாலையில் நான் ஆறு ஆண்டுகள் தரக் கட்டுப்பாட்டுப் பொறியாளராக வேலை பார்த்தேன். அசெம்பிளி லைனில் எந்த வண்டி அடுத்து வருகிறதோ அதற்குரிய வரிசை எண் எங்கள் திரையில் விழும். துணி இருக்கையா, தோல் இருக்கையா, சூடேற்றும் கம்பி உண்டா என்று பார்த்து அதே வரிசையில் பூட்டி, அதே வரிசையில் லாரியில் ஏற்ற வேண்டும். கடைசி நாள் மதியம் அந்தத் திரையில் எண்கள் ஒவ்வொன்றாகக் குறைந்து, பிறகு ஒன்றுமே வரவில்லை. என் லைனில் இருந்த பெரியவர், வயது 58, போல்ட் முறுக்கும் கருவியைக் கொக்கியில் மாட்டிவிட்டு, வெறும் திரையைப் பார்த்தபடி வெகுநேரம் நின்றார். பெரிய ஆலையின் சங்கத் தொழிலாளர்களுக்காவது வேறு ஊர் ஆலைகளுக்கு மாற்றலாகிப் போகும் வழி இருந்தது. எங்களுக்குக் கிடைத்தது ஒரு அட்டைப்பெட்டியும், கைகுலுக்கலும், ஆறு வாரச் சம்பளமும். இந்த 1,350 என்ற எண்ணிக்கையில் அந்தப் பெரியவர் இல்லை, நானும் இல்லை.

"மெக்சிகோவுக்குப் போனதால்தானே இந்த நிலை, அதை வரிதானே தடுக்கும்?" என்று கேட்கிறீர்கள். கூலி மலிவு என்றுதான் போனார்கள். அதை நான் மறுக்கவில்லை. அமெரிக்க வாகனத் தொழிலாளர் சங்கமான யு.ஏ.டபிள்யூ.வின் தலைவர் ஷான் ஃபெய்னே வாகன வரியை ஆதரித்தார் என்பதையும் அறிவேன். ஆனால் பெல்விடியரைத் திறப்பதாக முதலில் வாக்குக் கொடுக்க வைத்தது வரியன்று; 2023 இலையுதிர் காலத்தில் அதே சங்கம் நடத்திய வேலைநிறுத்தம். அதைப் பற்றி அந்தப் பதிவில் ஒரு சொல்கூட இல்லை. 2025 ஏப்ரல் 3 அன்று இறக்குமதி வாகனங்களின் மேல் 25 விழுக்காடு வரி நடைமுறைக்கு வந்த அன்றே டொலூக்காவையும் கனடாவின் விண்ட்சரையும் தற்காலிகமாக நிறுத்துவதாக இதே நிறுவனம் அறிவித்ததும், அவற்றுக்குப் பாகங்கள் அனுப்பிய மிச்சிகன், இண்டியானா ஆலைகளில் 900 அமெரிக்கத் தொழிலாளர்களை வீட்டில் இருக்கச் சொன்னதும் ஏனோ யாருக்கும் நினைவில் இல்லை. அவர்களுக்கும் ஒரு சிரிப்புப் பொம்மை வைத்திருக்கலாமே.

ஒரு நண்பர் "கோழி வரி"யை எடுத்து வந்தார். நல்ல வாதம். ஐரோப்பியர்கள் அமெரிக்கக் கோழிக்கு வரி போட்டதற்குப் பழிவாங்க 1964இல் சிறு டிரக்குகளின் மேல் போட்ட 25 விழுக்காடு இன்றும் இருக்கிறது. பிக்கப் டிரக்குகள் பெரும்பாலும் இங்கேயே உருவாவதற்கு அதுவும் ஒரு காரணம். அமெரிக்கா, கனடா, மெக்சிகோ மூன்றுக்கும் இடையிலான நாஃப்டா வணிக ஒப்பந்தம் வந்த பிறகு அதே பிக்கப்புகளை மெக்சிகோவின் சிலாவோவிலும் சால்டில்லோவிலும் பூட்டுவது யார், ஜப்பானியரா? "ஆகவேதான் ஓட்டையை அடைக்கிறோம்" என்பீர்கள். அடையுங்கள். நான்கே மாதத்தில் ஜப்பானுக்கும் ஐரோப்பாவுக்கும் 15 விழுக்காடு போதும் என்று ஒப்புக்கொண்டு புதிய ஓட்டை போட்டதும் உங்கள் ஆள்தான். அமெரிக்க எஞ்சினை வைத்து மெக்சிகோவில் பூட்டிய வண்டிக்கு அதன் வெளிநாட்டுப் பங்கின்மேல் 25, முழுவதுமாகக் கடல் தாண்டி வரும் வண்டிக்கு 15. இந்தக் கணக்கை எனக்கு யாராவது விளக்கினால் அந்தப் பதிவுக்கு நானும் விருப்பக்குறி இடுகிறேன்.

இன்னொருவர் எழுதியது வேறு வகை. "நம்மைப் போல் விசாவில் வந்தவர்கள் இதில் கருத்துச் சொல்வது அழகில்லை." ஐயா, வேலை போன மறுநாளிலிருந்து எனக்கு 60 நாள். அதற்குள் வேறு நிறுவனம் மனுப் போடவேண்டும், இல்லையேல் மூட்டை கட்டவேண்டும். மகளைப் பாதி ஆண்டில் பள்ளியிலிருந்து எடுத்தேன். ஐம்பத்தோராம் நாள் மிச்சிகனில் வேலை கிடைத்தது. அந்த ஐம்பது இரவுகளில் நான் தூங்கியது எவ்வளவு என்று என் மனைவிக்குத் தெரியும். எனக்குக் கருத்துச் சொல்ல அழகு போதாது என்றால், இப்போது பெல்விடியருக்குப் போய்விட்ட ஜீப் காம்பஸ் வண்டிக்காகக் காத்திருந்த பிராம்ப்டனின் மூவாயிரம் பேரைப் பார்த்துச் சிரிக்க எந்த அழகு உங்களிடம் இருக்கிறது? பெல்விடியரில் 2023இல் நடந்ததுதான் பிராம்ப்டனில் இப்போது நடக்கிறது. அன்று டொலூக்காவில் யாராவது சிரித்திருந்தால் நீங்கள் எப்படிக் கொதித்திருப்பீர்கள்?

அறிவிப்பு வந்த அன்று மாலை அந்தப் பெரியவரைத் தொலைபேசியில் அழைத்தேன். ராக்ஃபோர்டில் ஒரு கிடங்கில் இரவு ஷிஃப்டில் பெட்டி அடுக்குகிறார். பழைய சம்பளத்தில் மூன்றில் இரண்டு பங்கு. செய்தியை அவரும் பார்த்திருந்தார். 2027இல் தமக்கு 62 ஆகும் என்றார். பிறகு சிறிது நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "சரி, இருக்கைகள் எங்கிருந்து வருமாம்?" என்று கேட்டார். செய்தியை மறுபடி முதலிலிருந்து படித்தேன். அதைப் பற்றி அதில் எதுவும் இல்லை.